கீழ்த்தட்டு எலிகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கோமளவல்லி எலி அறையின் கதவுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றாள். உள்ளே நூற்றுக்கும் மேல் எலிகள் இருக்கின்றன என்று சொல்லித்தான் வேலை கொடுத்தார்கள். சரி என்று தலையாட்டியதும் அவள்தான். ஆனால் கதவுக் கண்ணாடி வழியே அந்த வெள்ளை உருவங்கள் கம்பிக்கிடையில் மூக்கை நீட்டி மோப்பம் பிடிப்பதைப் பார்த்ததும் கால் எழவில்லை. தறியில் பாவு நூலைக் கடித்து வைக்கும் எலிகளைத் துடைப்பத்தால் அடித்து விரட்டியே நாற்பத்தாறு வயது வரை வந்தவள் அவள்.

அங்கே பத்து வருடமாக வேலை பார்க்கும் கங்காதரன், உமி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஆறடி உயரம், சிரிக்காத முகம்.

"இன்னாம்மா, நின்னுகினே இருக்கிற? அதுங்கதான் உன்னப் பாத்து பயந்துகினு இருக்குதுங்க. உள்ள போ."

போனாள். முதல் மாதம் முழுக்க இரண்டு கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்தாள்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் பாதி வழியில் இருந்தது அந்த ஆராய்ச்சி நிலையம். காலை ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். கூண்டுகளில் பழைய உமியை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி போடுவது, தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவி நிரப்புவது, தீனி வைப்பது, ஒவ்வொரு கூண்டின் அட்டையிலும் தேதி எழுதுவது, இதுதான் வேலை. மதியம் இரண்டு மணிக்கு வீடு. இப்படி ஒரு வேலைக்கு அவள் வர நேர்ந்ததற்குக் காரணம் அவள் கணவன் துளசிங்கத்தின் தலை.

துளசிங்கம் விசைத்தறிக் கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு ஐப்பசி மழையில் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது என்று மேலே ஏறினார். தகரம் பெயர்ந்து கொட்டகைக்குள்ளேயே வந்தவர், தறியின் இரும்புச் சட்டத்தில் தலையை மோதிக்கொண்டு விழுந்தார். சென்னைக்கு ஆம்புலன்ஸ், அறுவைச் சிகிச்சை, இருபது நாள் ஆஸ்பத்திரி வாசம். உயிருக்குப் பயமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் ஒன்றைச் சொன்னார். கொஞ்ச நாள் சத்தமும் வெளிச்சமும் அதிகம் இல்லாமல் ஓய்வாக இருக்கட்டும்.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கோமளவல்லி பின்கட்டு அறையில் கனமான திரையைத் தொங்கவிட்டாள். டிவியை நிறுத்தினாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பினாள். சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். எட்டு மாதம் போயிற்று. துளசிங்கம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உப்பு வேண்டுமென்றால் "அது" என்பார். தண்ணீருக்கும் "அது" தான். சில நாள் அதுகூட இல்லை.

பின்கட்டுத் தரையில் ஓதம் ஏறி, சிமெண்டைப் பெயர்த்துப் போட வேண்டி வந்தது அவளுடைய நல்ல நேரம். மூன்று நாள் வேலை. புழுதியில் மனிதரை எங்கே வைப்பது? திருத்தணி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அவள் தம்பி முரளிதரன்தான் வழி சொன்னான்.

"பாவாவ எங்கிட்ட உடுக்கா. மூட்டை மேல ஒக்காந்துகினு இருக்கட்டும். எனக்கென்ன கஷ்டம்?"

முதல் நாள் துளசிங்கம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள், பக்கத்திலிருந்த கூடையில் கைவிட்டுச் சொத்தை அவரைக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய ஆரம்பித்தார். மூன்றாம் நாள் காலை, கோயிலுக்கு வந்து மலையிறங்கிய ஒரு குடும்பம் கடைமுன் நின்று திருப்பதி பஸ் எங்கே நிற்கும் என்று தெலுங்கில் கேட்டது. முரளி தராசைப் பிடித்தபடியே, தலையைக்கூடத் தூக்காமல், ஏதோ ஒரு பக்கம் கைகாட்டினான். அவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள்.

"அக்கட காதண்டி, இட்டு போண்டி," என்று மூட்டை மேலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே இல்லை, இப்படிப் போங்கள் என்று துளசிங்கம் நேர் எதிர்த் திசையில் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அதோடு நிற்கவில்லை. முரளியைத் திரும்பிப் பார்த்து, "ஊர்லயே பொறந்து வளந்தவன், பஸ் ஸ்டாண்டு தெரில ஒனக்கு," என்றார்.

எட்டு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. முரளி தராசைப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தான். கோமளவல்லி ஈரச் சிமெண்டில் கால் பதிய ஓடிப் போய்ச் செருப்பைத் தேடினாள். சிரிக்கிறோமா அழுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு திரையைக் கழற்றிவிட்டாள். துளசிங்கம் தினமும் மார்க்கெட்டுக்குப் போனார். ஆறு மாதத்தில் வெங்காயம், உருளைக்கிழங்குப் பக்கம் முழுக்க அவர் பொறுப்புக்கு வந்தது. ஒன்று மட்டும் சரியாகவில்லை. மனதில் தோன்றுவது உடனே வாயில் வந்துவிடும். தக்காளி கேட்டு வரும் பெண்களிடம், "அது நேத்து தக்காளிம்மா, வாணாம்," என்பார். முரளி முதலில் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு கவனித்தான். அந்தப் பெண்கள் மறுநாள் வேறு கடைக்குப் போகாமல் நேராக இங்கே வந்து, "அண்ணே, இன்னிக்கு எது நல்லா இருக்குது?" என்று துளசிங்கத்தைத்தான் கேட்டார்கள்.

என்றாலும் ஓடும் தறிக்குப் பக்கத்தில் இனி அவரை நிறுத்த முடியாது. அதனால்தான் கோமளவல்லி எலிகளிடம் வந்து சேர்ந்தாள்.

*

ஆறு மாதத்தில் பயம் போய்விட்டது. ஒரு கையுறை போதும் என்றானது. எலியின் பல்லைப் பார்த்து வயசு சொல்லவும், தீனி குறைந்திருந்தால் எது சாப்பிடவில்லை என்று கண்டுபிடிக்கவும் தெரிந்துகொண்டாள். தெருவில் அவளுக்கு "எலிக் கோமளா" என்று பேர் வந்தது. கேட்டு அவளே சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சுசித்ரா வந்தாள். அரக்கோணத்துப் பெண். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். மூளை ஆராய்ச்சியில் டாக்டர் பட்டத்துக்காக அந்த நிலையத்தில் சேர்ந்திருந்தாள். மேற்பார்வை செய்தவர் ஹேமநாதன் என்கிற பெரிய டாக்டர். எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, தலையில் அளந்த ஒரு அடி கொடுப்பார்கள். விழித்ததும் வலிக்கு மருந்து உண்டு. சில வாரம் கழித்து, மறுபடி விழிக்காதபடி மயக்கி, மூளையின் மேற்பட்டையை எடுத்து உறைய வைத்துச் சோதிப்பார்கள். புறணி என்று அதற்குப் பேர். அந்த நாட்களில் கோமளவல்லி அறைக்குள் நிற்க மாட்டாள். புட்டி கழுவும் இடத்துக்குப் போய், கழுவிய புட்டிகளையே திரும்பக் கழுவுவாள்.

ஒருநாள் டீ குடிக்கும் நேரத்தில், மனதை அடக்க முடியாமல் கேட்டாள்.

"அடிச்சிட்டு அதுல இன்னாங்க மேடம் தேடுறீங்க? அடிச்சா வீங்கும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

சுசித்ரா கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நம்ம அரக்கோணம் ஜங்ஷன்ல ஒரு வண்டி தடம் புரண்டுச்சின்னு வச்சிக்கங்கக்கா. அந்த ஒரு வண்டியோட நின்னுடுமா? சைரன் ஊதும். நிவாரண வண்டி கெளம்பும். ஓடிக்கினு இருந்ததெல்லாம் அங்கங்க நிக்கும். என்னைக்கும் போகாத லைன்ல வண்டி உடுவாங்க. நாலு நாளைக்கு டைம் டேபிளே வேற. மூளையும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லுலயும் ஆயிரக்கணக்குல ஜீன் இருக்குது. எது எப்ப வேலை செய்யணும்னு ஒரு ஒழுங்கு இருக்குது. அடி பட்டதும் சும்மா கெடந்தது முழிச்சிக்கும், ஓடிக்கினு இருந்தது நின்னுடும்."

"என்சைம் என்சைம்னு பேசிக்கிறீங்களே, அது?"

"எங்கப்பா மாதிரி ஆளுங்க. ஆபீஸ்ல இருந்து உத்தரவு வரும், எறங்கி வேலை செய்றது அவங்கதான? ஜீன் உத்தரவு. என்சைம் வேலையாளு. அடிபட்ட எடத்துல சேர்ற கசடைத் துடைக்க ஒரு என்சைம் இருக்குது. அடி பலமா பட்டா அதோட வேலையும் சுணங்கிடும். அது எவ்ளோ சுணங்குது, எப்ப திரும்ப எழுந்து நிக்குது, அதைத்தான் அளக்குறேன்."

கோமளவல்லி தன் டம்ளரையும் கீழே வைத்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரரு மண்டையிலயும் சைரன் ஊதியிருக்கும்."

"விழுந்த அன்னைக்கே ஊதியிருக்கும்க்கா."

"நிவாரண வண்டி எத்தினி நாளு ஓடும்?"

"தெரிஞ்சா இந்நேரம் நான் பட்டம் வாங்கியிருப்பேன்," என்று சுசித்ரா சிரித்தாள்.

அடிபட்ட எலிகள் கூண்டுக்குத் திரும்பிய அன்று கோமளவல்லி வழக்கம்போல உமி மாற்றப் போனாள். ஏழாம் எண் கூண்டில் இருந்த எலி மூலையில் ஒடுங்கி, வெறும் பிளாஸ்டிக் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எட்டாம் எண்ணும் அப்படித்தான். அந்த உட்காரலை அவள் எட்டு மாதம் பின்கட்டு அறையில் பார்த்திருக்கிறாள். உமியை அள்ளிய கை அப்படியே நின்றது.

மறுநாள் காலை அவள் பையில் சோற்று டப்பாவோடு எட்டுப் பத்துக் காகிதக் கூம்புகள் இருந்தன. விசைத்தறிக்கு நூல் சுற்றி வருமே, அந்தக் கோன். நூல் தீர்ந்ததும் அவள் வீட்டுக்கு எதிரே இருக்கும் தறிக் கொட்டகையில் குப்பையாகக் குவிந்து கிடக்கும். நல்லதாகப் பொறுக்கி, துடைத்து, வெயிலில் காய வைத்துக் கொண்டு வந்தாள். நுனியை வெட்டிவிட்டால் எலி நுழைந்து வெளியே வர ஒரு சுரங்கம் கிடைத்தது. மறுவாரம் ஒரு தேங்காய் மட்டைத் துண்டு. பிறகு குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய சின்ன ஏணி.

அவள் ஆறு மணிக்கு வருவாள். சுசித்ரா வர பத்தாகும். ஒன்பதரைக்கெல்லாம் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுவிடுவாள். தப்பு என்று நினைக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்களோ என்றுதான் கேட்கவில்லை. எலி அறையில் கூண்டுகள் நான்கு தட்டுகளில் இருந்தன. மேல் இரண்டு தட்டும் கங்காதரன் பொறுப்பு, மத்தியானம் வந்து பார்ப்பார். கீழ் இரண்டு தட்டும் ஐந்தடிக்கும் குறைவான கோமளவல்லியின் பொறுப்பு. அதனால் கோன் கிடைத்தது கீழ்த்தட்டு எலிகளுக்கு மட்டும்தான்.

ஏழாம் எண் முதல் வாரத்திலேயே சுரங்கத்துக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. எட்டாம் எண் கோனைக் கடித்துத் துகளாக்கி அதில் படுத்துக்கொண்டது. பதினாலாம் எண் மட்டும் எதற்கும் மசியவில்லை. எதை வைத்தாலும் அதன்மேல் உமியைத் தள்ளி மூடிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. கோமளவல்லி அதற்கு மாமியார் என்று பேர் வைத்தாள்.

*

இப்படியே மூன்று தொகுதி எலிகள் வந்து போயின. நான்கு மாதம் கழித்து சுசித்ராவின் முகம் வாட ஆரம்பித்தது. மத்தியானம் டப்பாவைத் திறக்காமலே மூடினாள். ஒருநாள் கணினியின் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேட்டதற்குச் சொன்னாள். எல்லா எலியும் ஒரே இனம். ஒரே அடி. ஒரே தீனி. ஆனால் கணக்கு இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பாதி எலிகளின் மூளைப் புறணியில் கசடைத் துடைக்கும் அந்த நொதி, என்சைம் என்றாளே அது, எதிர்பார்த்தபடி சுணங்கிக் கிடக்கிறது. மீதிப் பாதியில் அது நன்றாகவே வேலை செய்கிறது. நரம்பு இழைகள் துளிர்க்க உதவும் ஒரு மரபணுவும் அவற்றில் கூடுதலாக விழித்திருக்கிறது.

"ஹேமநாதன் சார் என் கை சரியில்லைங்கிறார். மூணு தடவை திரும்பப் போட்டுட்டேன்க்கா. அதேதான் வருது."

அடுத்த வாரம் சுசித்ரா வேறொன்றைக் கண்டுபிடித்தாள். நன்றாக இருக்கும் எலிகள் எல்லாம் கீழ்த்தட்டு எலிகள். உடனே ஒரு பெரிய தேடல் தொடங்கியது. கீழே வெளிச்சம் குறைவா என்று ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். ஏசிக் காற்று மேல்தட்டில் நேராக அடிக்கிறதா என்று நூலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அலமாரி அதிர்கிறதா என்று தட்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக் காத்திருந்தார்கள். கங்காதரன் கையில் வெப்பமானியைக் கொடுத்து மணிக்கொரு முறை நான்கு தட்டிலும் பிடிக்கச் சொன்னார்கள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டே கோமளவல்லியிடம் வந்தார்.

"கீழ்த்தட்டுல எதோ விசேஷமாம்மா. நீதான கீழ பாக்கிற, உனக்கு எதுனா தெரியுமா?"

அவள் கோன் இருந்த பையைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள். "ஆங்... பாக்குறேங்க," என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் துளசிங்கம் கடையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நீதான்," என்றார்.

"நானேதாங்க. வேலை போயிடும். யாரு கிட்டயும் சொல்லிடாதீங்க."

துளசிங்கம் யோசித்தார். அவர் யோசிப்பது இப்போதெல்லாம் வெளியே தெரியும். புருவம் மேலும் கீழும் போகும்.

"சொல்லக்கூடாதுன்னு நெனச்சிகினுதான் இருப்பேன். ஆனா வாய் அது பாட்டுக்கு வந்துடும் கோமளா. உனக்குத் தெரியாததா?"

தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. மறுநாள் விடியற்காலை பால்காரர் வந்தபோது, "எம் பொண்டாட்டி எலிக்கு வெளையாட்டு சாமான் குட்த்து மாட்டிக்கினா," என்று துளசிங்கம் சொல்வது அடுக்களைக்குக் கேட்டது. கடையைத் திறந்தால் மார்க்கெட்டுக்கே தெரிந்துவிடும். அந்த நிலையத்தில் வேலை செய்கிறவர்களில் நாலு பேராவது முரளியிடம்தான் காய் வாங்குகிறார்கள். ஒளிக்க இனி வழியில்லை என்றதும் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. கோன்களை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பத்து மணிக்கு சுசித்ரா வந்ததும் மேசைமேல் பையைக் கவிழ்த்தாள். கோன்கள், மட்டைத் துண்டுகள், மூன்று ஏணிகள்.

"கீழ்த்தட்டுல இருந்தது இதுதாங்க மேடம். நான்தான் வச்சேன். காலைல ஆறுல இருந்து ஒம்பதரை வரைக்கும். தெனமும்."

சுசித்ரா ஒரு கோனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அடுத்து ஏணியை எடுத்துப் படிகளை எண்ணினாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது கோமளவல்லிக்கு.

"ஏன்க்கா வச்சீங்க?"

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் செவுத்தப் பாத்துகினு இருந்தாரு. மார்க்கெட்டுக்குக் கூட்டிம்போன அப்புறம்தான் ஆளானாரு. இதுங்களக் கூட்டிம்போக முடியாது. அதான்."

சுசித்ரா எழுந்து நோட்டை எடுத்து வந்தாள். "எந்தக் கூண்டுல எது வச்சீங்கன்னு நெனவு இருக்கா?"

இருந்தது. எந்தத் தேதியில் எந்த எலிக்கு எது, எது உள்ளே நுழைந்தது, எது கடித்தது, எது நான்கு நாள் கழித்துத்தான் பக்கத்தில் போனது என்று கோமளவல்லி ஒன்றுவிடாமல் சொன்னாள். நூலின் எண்ணும் இழைக் கணக்கும் மனதிலேயே வைத்துப் பழகிய வீட்டுப் பெண் அவள். சுசித்ராவின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. பதினாலாம் எண்ணுக்கு வந்ததும் கோமளவல்லி உதட்டைப் பிதுக்கினாள்.

"அது ஒண்ணு மட்டும் தொடவே இல்லீங்க. கடைசி வரிக்கும்."

சுசித்ராவின் பேனா நின்றது. கணினியைத் திறந்து எதையோ தேடினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"கீழ்த்தட்டுல ஒண்ணே ஒண்ணு மேல்தட்டு மாதிரி இருந்துச்சிக்கா. ஏன்னு புரியாம ஒரு மாசமா அதையே முறைச்சிப் பாத்துகினு இருந்தேன். அது பதினாலு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சுசித்ராதான்.

ஹேமநாதன் சிரிக்கவில்லை. ஆறு மாத வேலையை ஒரு பை குப்பை கெடுத்துவிட்டது என்றார். வெளியிலிருந்து வந்த காகிதத்தில் நோய்க்கிருமி இருந்திருந்தால் அறையே போயிருக்கும் என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. கோமளவல்லி தலைகுனிந்து நின்றாள். ஆங்கிலத்தில் எழுதி ஒரு எச்சரிக்கை கொடுத்தார். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது அவர் கூப்பிட்டார்.

"நீங்க கண்டுபிடிச்சது புதுசு இல்லம்மா. தனியா வெறும் கூண்டுல அடைச்ச எலியவிட, வேடிக்கையும் வேலையும் இருக்கிற எலி மூளை நல்லா தேறும்னு வெளிநாட்டுல ரொம்ப காலம் முன்னாடியே பார்த்திருக்காங்க. நாங்களும் படிச்சிருக்கோம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிச்சிட்டு வெறும் கூண்டுலதான் வச்சிருந்தோம்."

*

மறுபடி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வதென்று முடிவானது. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவிடம் முறையாக அனுமதி வாங்க மூன்று மாதம் ஆனது. அதற்குள் கோன்களைக் கிருமி நீக்க நீராவியில் வைத்துப் பார்த்தார்கள். பாதி கூழாகிவிட்டது. தடித்த அட்டையில் வந்தால் தாங்கும் என்று கோமளவல்லி சொல்லி, அதே அளவில் செய்ய வைத்தார்கள். எந்த எலிக்குக் கோன், எதற்கு வெறும் கூண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். மேல்தட்டு கீழ்த்தட்டு என்று இல்லாமல் கலந்து வைத்தார்கள். எது எந்தப் பக்கத்து எலி என்று தெரியாமலே சுசித்ரா மூளையைச் சோதித்தாள். கங்காதரன் தன் பங்குக்கு ஏணி செய்தார். அவர் செய்த ஏணிகளில் படிகள் அளவெடுத்தது போல ஒரே இடைவெளியில் இருந்தன. "கோணலா இருந்தா அதுங்களுக்கு கால் தவறும்மா," என்று காரணமும் சொன்னார்.

வெறும் கூண்டில் இருக்க வேண்டிய எலிகளைப் பார்ப்பதுதான் கோமளவல்லிக்குக் கஷ்டமாக இருந்தது. பத்து தடவையாவது கை கோனை நோக்கிப் போயிற்று. போட்ட கையெழுத்தை நினைத்துக்கொண்டு அடக்கிக்கொண்டாள்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. கடைசியில் கணக்கு வந்தபோது வித்தியாசம் முதல் தடவை தெரிந்த அளவுக்கு இல்லை. ஆனால் இருந்தது. நொதி தேறியிருந்தது, மரபணு விழித்திருந்தது. ஹேமநாதன் காகிதத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, இனி இந்த நிலையத்தில் வெறும் கூண்டு என்று ஒன்று வேண்டாம் என்று சொன்னார். அந்த உத்தரவு கதவில் ஒட்டப்பட்டது.

சுசித்ராவின் வாய்மொழித் தேர்வு சென்னையில் நடந்தது. வரவேண்டும் என்று அவள் வீட்டுக்கே வந்து அழைத்ததால், கோமளவல்லி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, துளசிங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பேச்சு முழுக்க ஆங்கிலம். ஆனால் திரையில் திடீரென்று ஒரு கோன் வந்தது. பிறகு எலி நுழைந்து எட்டிப் பார்க்கும் கோன் வந்தது. கடைசியில் நன்றி என்ற பக்கத்தில், ஹேமநாதன் பேருக்கு அடுத்து அவள் பேரும் கங்காதரன் பேரும் இருந்தன.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஏதோ கேட்டார். சுசித்ரா கையைக் கடைசி வரிசைப் பக்கம் காட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"பதினாலாம் எண் எலி எதையும் தொடலைன்னு கவனிச்சது யாருன்னு கேக்குறார்க்கா," என்று தமிழில் சொன்னாள்.

கோமளவல்லி எழுந்து கும்பிட்டாள். வாயைத் திறந்தது பக்கத்திலிருந்த துளசிங்கம்தான்.

"அதுக்கு மாமியார்னு பேர் வச்சிருந்தா சார். எங்கம்மா மாதிரியே இருக்குதாம்."

அரங்கம் சிரித்து அடங்க நேரமானது. தேர்வாளரும் சிரித்தார். கோமளவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமியார் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சாயங்காலம் சென்ட்ரலில் திருத்தணி வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. அம்பத்தூர் தாண்டுவதற்குள் துளசிங்கம் எதிர் இருக்கைக்காரர்களுக்கு முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டார். தன் மண்டையில் இருக்கும் தழும்பையும் குனிந்து காட்டினார். சிலர் சிரித்தார்கள், சிலர் போனைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மட்டும் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். திருவள்ளூரில் கூட்டம் இறங்கியதும் அவள் கோமளவல்லியின் பக்கம் குனிந்தாள்.

"எங்க அண்ணன் கரும்பு ட்ராக்டர்ல இருந்து வுழுந்துட்டாருங்க. அஞ்சு மாசம் ஆவுது. ஒரு ரூம்ல போட்டு சாத்தி வச்சிருக்கோம். யாருனா பேசுனா தலவலி வந்துடும்னு பயம்."

கோமளவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தான் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

"நான் எலிதாம்மா பாத்துக்கிறேன். டாக்டர் இல்ல. கடைசியா எப்ப காட்டுனீங்க?"

"டிஸ்சார்ஜ் பண்ணப்பதான்."

"அப்ப மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டினு போ. இன்னும் எத்தினி நாளு ரூம்லயே வெக்கணும்னு வாயத் தொறந்து கேளு. நாங்க அதைக் கேக்காம வுட்டோம், எட்டு மாசம் போச்சு. மெதுமெதுவா வெளிய வரலாம்னு அவரு சொன்னார்னா, அப்புறம் சும்மா ஒக்கார வெக்காத. அவுருக்குப் புடிச்ச எடம் எதுன்னு பாரு. இவருக்கு மார்க்கெட்டு. உங்கண்ணனுக்கு வேற எதுனா இருக்கும்."

அந்தப் பெண் யோசித்தாள். "மாடு. மாட்டுக் கொட்டாயில ஒக்காந்துகினா எழுந்து வர மாட்டாரு."

"டாக்டரக் கேட்டுக்கினு அங்க நாற்காலி போடு."

அவள் சிரித்தாள். திருவாலங்காடு வந்தது. கோமளவல்லியின் நம்பரைப் போனில் பதிந்துகொண்டு இறங்கினாள். வண்டி நகரும்வரை பிளாட்பாரத்தில் நின்று கையாட்டினாள்.

ஜன்னலோரம் இடம் காலியானது. துளசிங்கம் நகர்ந்து உட்கார்ந்து, வெளியே பச்சையும் இருட்டுமாகக் கலந்து ஓடும் வயல்களைப் பார்த்தார். புருவம் மேலும் கீழும் போனது.

"நல்லா சொன்ன," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா இந்தப் புடவ உனக்கு நல்லா இல்ல," என்றார்.

"வாங்கினது நீங்கதான்," என்று சொல்லிவிட்டு, கோமளவல்லி பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.